கம்பளையில் ஏறி பதுளையில் இறங்கிய கதை: மலைநாட்டில் சைக்கிளில் ஐந்து நாள்

பீலிக்கரை | 2024 மார்ச் 20, இரவு 9.10

கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, கடைசியில் பதுளை. ஐந்து நாள். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குப் போய் வந்ததையும் சேர்த்தால் 180 கிலோமீட்டர் சொச்சம். முந்தாநாள்தான் கொழும்புக்குத் திரும்பினேன். தொடை இன்னும் வலிக்கிறது. வலி போனால் பாதி மறந்துவிடும், அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சைக்கிள் வந்த கதை. 2022-ல் பெட்ரோல் வரிசையில் இரண்டு இரவு மோட்டார் சைக்கிளின் மேலேயே படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாளும் பெட்ரோல் பவுசர் லாரி வரவில்லை. அந்தக் கோபத்தில் கொட்டாஞ்சேனையில் ஒருவரிடம் பழைய கியர் சைக்கிள் வாங்கினேன். அந்த மாதம் சைக்கிளுக்கும் தங்க விலை. அப்புறம் கியூஆர் முறையில் பெட்ரோல் பங்கீடு வந்தது, பெட்ரோலும் கிடைத்தது, சைக்கிளை விற்கத்தான் மனம் வரவில்லை.

நான் பிறந்தது கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கண்டி, நுவரெலியா பாதையில் நூறு தடவையாவது பஸ்ஸில் போயிருப்பேன். அந்தப் பாதையைப் பற்றி எனக்கு இருந்த ஞாபகம் ஒரு எலுமிச்சங்காயும் ஒரு சொப்பிங் பையும்தான். வாந்தி வருமா வராதா, அந்த ஒரே யோசனை. இந்தத் தடவைதான் அதே பாதையில் எத்தனை பீலி இருக்கிறது என்று எண்ணினேன். (தெரியாதவர்களுக்கு: மலையிலிருந்து வரும் தண்ணீரை மூங்கிலோ தகரமோ குழாயோ வைத்துத் திருப்பிவிட்டிருக்கும் இடம் பீலி. குளிப்பது, துவைப்பது, ஊர்வம்பு எல்லாம் அங்கேதான்.) தவலந்தன்னைக்கு மேலே பதினொன்று வரை எண்ணினேன். அப்புறம் மூச்சு வாங்கியதில் கணக்கு விட்டுப்போயிற்று.

ஏற்றத்தில் என் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர். நடக்கிறவர்களின் வேகம் நாலு, ஐந்து. இந்த ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில்தான் எல்லாச் சுகமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் போகிறவரை எட்டிப் பிடிக்க நேரம் எடுக்கும், அதற்குள் அவர் திரும்பிப் பார்த்துவிடுவார். பக்கத்தில் வரும்போது "எங்கேயிருந்து வாறீங்க?" என்பார். பதில் சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போய்க்கொண்டிருப்போம். இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில், கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த ஒரு பாட்டி என்னோடு அரை மைல் அப்படி வந்தார். என் பின்னால் கட்டியிருந்த மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு குடுத்தானுங்க?" என்றார். யாரும் கொடுக்கவில்லை பாட்டி, நான்தான் லீவு போட்டு, சம்பளம் வெட்டி வந்திருக்கிறேன் என்றேன். நின்றுவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடுத்த இரண்டு வளைவுக்கும் எனக்குக் கேட்டது.

தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) கண்ணில் படுவதற்கு ஒரு வளைவு முன்னாலேயே வாசம் வந்துவிடும். பஸ்ஸில் டீசல் வாசம்தான் வரும். குளிரும் அப்படித்தான், திடீரென்று இறங்காது. புசல்லாவையில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியவன், லபுக்கலை வருவதற்குள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தேன். உச்சி தாண்டியதும் வியர்வை சில்லென்று முதுகில் ஒட்டும். கடைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் கொடுத்து, சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதை விடச் சிறந்த ஜாக்கெட் நான் போட்டதில்லை.

முதல் இரவு புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தெரிந்தவரின் அக்கா வீட்டில். மாசியில் நடக்கும் காமன் கூத்துக்கு அப்போதுதான் காமன் கம்பம் நட்டிருந்தார்கள். இரவு பத்து மணிக்குத் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். காமன் கூத்துப் பார்த்து எனக்குப் பத்து வருடமாவது இருக்கும். விடிய நாலு ரொட்டி, கட்டச்சம்பல், பிளேன்டீ. "இன்னும் ஒன்னு வைக்கவா?" என்று கேட்காமலே வைத்தார்கள்.

ஒரு விபத்தும் உண்டு. புறப்படுவதற்கு முன் கொழும்பில் ஒரு கடையில் புது பிரேக் கட்டை போட்டேன். கட்டை ரிம்மில் சரியாக உட்காராமல் டயரின் ஓரத்தை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. சீதாஎலிய அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கி, ஹக்கலை தாண்டி ஒரு வளைவில் டப்பென்று வெடித்தது. நல்லவேளை, வேகம் இல்லை. டியூப் மாற்றினாலும் டயரின் ஓட்டை வழியாகப் புது டியூப் பிதுங்கும் அல்லவா? ஒரு இருபது ரூபாய் நோட்டை நாலாக மடித்து உள்ளே வைத்துக் காற்றடித்தேன். பதுளை வரை தாங்கியது.

வேறு யாராவது மலைநாட்டில் இப்படி ஓட்டியிருக்கிறீர்களா? எந்தப் பாதை?


உழக்கி | 2024 மார்ச் 20, இரவு 10.02

180 கிலோமீட்டருக்கு ஐந்து நாளா தம்பி? நான் கோண்டாவில். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் வவுனியாவில் தேத்தண்ணி. அது 140 வரும்.

பகிடிக்குச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்களுக்குச் சைக்கிள் பொழுதுபோக்காக வரவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை. மரக்கறி மூட்டை, நோயாளி, கலியாணப் பொம்பிளை எல்லாம் சைக்கிளில்தான் போனது. இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சாதி நாங்கள். நான் ஐந்து வயதிலிருந்து சுற்றியிருக்கிறேன். செய்தி முடியும் மட்டும் கை நிற்கக் கூடாது, நின்றால் அப்பாவின் குட்டு விழும். அதனால்தானோ என்னவோ, சும்மா ஒரு காரணமும் இல்லாமல் உழக்கிக்கொண்டு போகிறது எனக்கு இன்றைக்கும் பெரிய ஆடம்பரமாகத் தெரியும்.

மலையில் ஓடினதில்லை. எவ்வளவு ஏற்றம்?


பீலிக்கரை | 2024 மார்ச் 20, இரவு 10.31

அண்ணா, உங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மதகுதானே!

கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. நுவரெலியா 1,868. அதாவது 57 கிலோமீட்டரில் 1,400 மீட்டர் ஏறுகிறீர்கள், இடையில் இறங்கி ஏறுவது தனி. ஆனால் பயப்படும்படியான செங்குத்து இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டி ஏற வேண்டும் என்று போட்ட தடம், மாட்டுக்குப் பார்த்த தயவு சைக்கிளுக்கும் கிடைக்கிறது. செங்குத்தெல்லாம் மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பினால்தான். அங்கே நான் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளினேன்.


ஐந்தாம் நம்பர் மலை | 2024 மார்ச் 21, காலை 6.48

வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை.

என் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். ஒரு நாளைக்கு 18, 20 கிலோ எடுத்தால்தான் பேர் (முழுநாள் சம்பளம்) விழும். குறைந்தால் அரைப்பேர். அந்தச் சுமையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நீங்கள் "இறங்கித் தள்ளினேன்" என்கிறீர்களே, அதே சரிவில் மழையிலும் அட்டைக்கடியிலும் ஏறி இறங்குகிறார். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021-ல் வர எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது என்பது உங்களுக்கும் தெரியும். அந்த மலையைப் பார்த்து "சுகம்" என்று எழுதும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பாட்டி சிரித்தது உங்களுக்குப் பகிடியாக இருந்திருக்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை.


பீலிக்கரை | 2024 மார்ச் 21, காலை 7.30

உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் வாதம் இல்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர், முழங்கால் விட்டுப்போய் இப்போது வீட்டில். என் மூட்டை 12 கிலோ, அதையும் சைக்கிள்தான் சுமந்தது. பாட்டியின் கூடைக் கணக்கு எனக்கு அந்த இடத்திலேயே மனதில் ஓடியது. அதை எழுதாமல் விட்டது பிழைதான்.

ஆனால் இதையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் மலையைப் பற்றிப் பேசினால் அது வேலையைப் பற்றிய பேச்சுத்தான். "இன்னைக்கு எந்த மலை?", "மேல்மலையில கொழுந்து இல்ல." அம்மாவுக்கு மலை என்றால் கொழுந்து எடுக்கப் போகும் தேயிலைப் பகுதியின் நம்பர். தாண்டிப் போய் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைத்ததே இல்லை. நான் அப்புத்தளையிலிருந்து போனில் பேசியபோது அவர் முதலில் கேட்டது, "அங்கே கொழுந்து எப்படி இருக்கு?" இரண்டாவது கேள்வி, "அங்கேயிருந்து பார்த்தா என்னடா தெரியுது?" நான் தெற்கே தெரிந்த சமவெளியை ஒரு பத்து நிமிஷம் சொல்லிக்கொண்டே நின்றேன். அவர் போனை வைக்கவே இல்லை.


தப்பால்காரர் மகன் | 2024 மார்ச் 21, முற்பகல் 11.15

இரண்டு தம்பிமாரும் சொன்னது சரிதான். சண்டை வேண்டாம், நான் ஒரு பழங்கதை சொல்கிறேன்.

நான் நானுஓயாப் பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர். என் அப்பா தோட்டத்துத் தப்பால்காரர். அந்தக் காலத்தில் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு) கடிதம் நேரே வராது, தோட்டத்துக் கந்தோருக்குத்தான் (அலுவலகத்துக்கு) வரும். டவுனிலிருந்து பையைத் தூக்கிவருவது அப்பாவின் வேலை. போக வர எட்டு மைல், நடைதான். சைக்கிள் இருந்தது கந்தோரின் தலைமை எழுத்தர், பெரிய கிளாக்கரையாவிடம் மட்டும். கறுப்பு ராலி. மலையில் அவரால் ஏற்றத்தில் ஓட்ட முடியாது, பையன்களைக் கூப்பிடுவார். நாங்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுவோம், அவர் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு கோட்டும் தொப்பியுமாகப் பக்கத்தில் நடப்பார். உச்சிக்கு வந்ததும் ஒருவனை மட்டும் கரியரில் ஏற்றிக்கொள்வார், மற்றவன் அடுத்த நாள். அந்த இறக்கம் முக்கால் மைல் இருக்கும். தேயிலைச் செடிகள் எல்லாம் ஒரே பச்சைக் கோடாகிவிடும், கண்ணில் நீர் வந்து கன்னத்தில் பின்னால் ஓடும். ஒரு நாள் இறக்கத்துக்காக இரண்டு நாள் தள்ளினேன். அது நட்டம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

இப்போது எனக்கு 71 வயது. முழங்கால் அனுமதிக்கிற அளவுக்கு நானுஓயாவிலிருந்து டவுனுக்குப் போய் வருவேன்.

காலநிலை பற்றி ஒரு வார்த்தை, புதிதாக வருகிறவர்களுக்கு. மலைநாடு முழுவதற்கும் ஒரே மழை என்று நினைக்க வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை அட்டன், கினிகத்தேன, மஸ்கெலியாப் பக்கம் கொட்டும். அதே நேரம் ஊவாப் பக்கம் வெலிமடை, பண்டாரவளை, பதுளையில் காய்ந்த காற்று. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் வருகிறது, ஜூலை முதல் செப்டம்பர் வரை. அட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச். நான் சொல்வது என்னவென்றால், தேயிலை எங்கே மணக்கிறதோ அங்கே சைக்கிளைக் கொண்டுபோங்கள். ஏப்ரலில் மட்டும் நுவரெலியாவுக்கு வேண்டாம். வசந்தகாலம் என்று கார் எல்லாம் அங்கேதான், அறைக்கும் யானை விலை.


பீலிக்கரை | 2024 மார்ச் 21, பிற்பகல் 12.05

சேர், "தேயிலை எங்கே மணக்கிறதோ" என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஹக்கலை தாண்டி இறங்கும்போது இதைக் கண்ணால் பார்த்தேன். மேலே மூடுபனி, பைன் மரம், லீக்ஸ் பாத்தி. ஒரு மணி நேரம் கழித்து வெயில், படிப்படியாக வயல், தென்னை. ஒரே இறக்கத்தில் வேறு நாட்டுக்கு வந்த மாதிரி.


கியர் இல்லாதவன் | 2024 மார்ச் 21, பிற்பகல் 1.40

என்னிடம் இருப்பது அப்பாவின் லுமாலா சைக்கிள், கியர் கிடையாது. பூண்டுலோயா. நுவரெலியா வரை போகலாமா? கரியர் நல்ல பலம், பாட்டியைக் கூட ஏற்றியிருக்கிறோம்.


அட்டன் ஸ்பேனர் | 2024 மார்ச் 21, பிற்பகல் 3.22

கடையில் கூட்டமில்லை, எழுதுகிறேன்.

கியர் இல்லாதவன் தம்பிக்கு: உன் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும், எண்ணிப் பார். பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமதரையில் ராஜா. ஏற்றத்தில் அந்த ஐந்து மீட்டரையும் உன் ஒரு மிதிதான் தூக்க வேண்டும். பீலிக்கரையின் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 34 மாதிரி இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான். நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் அவர் சொல்கிற ஆறு கிலோமீட்டர் வேகம் கணக்காக வரும். உனக்கு நான் சொல்லும் வழி, பின்னால் 22 பல் ஃபிரீவீல் (பின்சக்கரத்துப் பற்சக்கரம்) போடு, செயினில் இரண்டு கண் கூட்டு. அப்போதும் பாதித் தூரம் தள்ளத்தான் வேண்டும். தள்ளு. என்ன போயிற்று?

ஏறுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், என் கடைக்கு வருவதெல்லாம் இறங்கும்போது உடைந்தவை. ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் மூட்டையோடு நீண்ட இறக்கம் இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதே. ரிம் சூடேறும், தொட்டால் சுடும், உள்ளே டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடி, வளைவுக்குள் விடு. முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடி. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று பிளேன்டீ குடி, ரிம் ஆறட்டும். மழையில் முதல் இரண்டு சுற்றுக்கு ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைக்கத்தான் கட்டை வேலை செய்யும், அதற்கப்புறம்தான் பிடிக்கும். அந்த இரண்டு சுற்றையும் கணக்கில் வை.

பீலிக்கரைக்கு: நோட்டு வைத்தது நல்ல யோசனை, ஆனால் நனைந்தால் கூழாகும். பற்பசை டியூபை வெட்டிக் கழுவிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டயரில் ஒரு துண்டு அதைவிட நல்லது.


பசறைக்காரி | 2024 மார்ச் 21, இரவு 8.50

ஆண்கள் பேசி முடித்துவிட்டீர்களா?

நானும் இரண்டு தோழிகளும் போன மாதம் அட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா, திரும்ப காசல்ரீ குளத்தைச் சுற்றி நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் என்று மூன்று நாள் ஓட்டினோம். குளத்தை ஒட்டிப் போகும் ரோடு ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் தண்ணீர், பெரிய ஏற்றம் இல்லை. மலைநாட்டில் முதல் தடவை ஓட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மஸ்கெலியாவில் தண்ணீர் வற்றியிருந்தது. மவுசாக்கலை அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் வெளியே தெரிந்தது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அது வரை போனோம். பஸ்ஸில் போயிருந்தால் கண்ணாடி வழியாகப் பார்த்து, "அதோ, அதோ" என்று சொல்லி முடிவதற்குள் வளைவு வந்திருக்கும்.

ஏற்றம் எங்களுக்குப் பிரச்சினையாகவே இல்லை. கழிப்பறைதான். பெட்ரோல் செட், கோயில், பெரிய தேத்தண்ணிக் கடை, இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் எங்கள் பாதையே போட்டோம். தண்ணீர் குறைத்துக் குடித்துத் தலைவலி வாங்கிக்கொள்ளாதீர்கள், நான் முதல் நாள் அதைத்தான் செய்தேன். இன்னொன்று, இது பெண்களுக்கான கணக்கு: போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) பாருங்கள். சாராயக் கடை மூடியிருக்கும், பின்னேரம் ரோடு அமைதியாக இருக்கும். நாங்கள் நெடுந்தூரம் போன நாள் போயாதான்.

பார்வை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். டவுனில் பையன்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் போன் பிடித்து வீடியோ எடுத்தான். தோட்டத்துக்குள் அப்படி இல்லை. லயத்துப் பெண்கள் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) வாசலிலிருந்து ஓடிவந்து, "ஏறி ஒரு சுத்து சுத்தவா?" என்று கேட்டார்கள். ஒரு அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டினார். திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று, சைக்கிள் போயே போய்விட்டது என்று நினைத்தோம். கீழ்க்கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்) இருக்கும் தங்கச்சியிடம் காட்டிவிட்டு வந்தாராம்.


உழக்கி | 2024 மார்ச் 21, இரவு 9.15

அந்த அக்காவுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுக்க வேணும்.


ஐந்தாம் நம்பர் மலை | 2024 மார்ச் 22, காலை 6.20

நேற்று முழுக்க இந்த இழையை யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் பீலிக்கரையின் அம்மா கேட்ட இரண்டாவது கேள்வியை என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அப்புத்தளைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பீலிக்கரை பீலியைப் பற்றி எழுதியதால் ஒரு முக்கியமான விஷயம். அப்பா மருந்தடிக்கிற வேலையில் இருந்தவர், அதனால் தெரியும். பீலியில் முகம் கழுவுங்கள், குளியுங்கள். குடிப்பதற்கு முன் மேலே பாருங்கள். மேலே காடு என்றால் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு குடிக்கலாம். மேலே தேயிலை என்றால் வேண்டாம். புல்லுக்கு மருந்து அடிப்பார்கள், மழை பெய்தால் எல்லாம் கீழேதான் வரும். லயத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் கொதிக்க வைத்த தண்ணீர் தருவார்கள்.

தோட்டத்துப் பாதை எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதையும் மறக்க வேண்டாம். வாசலில் காவல்காரரிடம் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் போனால் திட்டு விழுவது அவருக்கு. அட்டைக்கு வேப்பெண்ணெய், சவர்க்காரம் என்று எதையாவது கணுக்காலில் பூசிக்கொள்ளுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள்.


பீலிக்கரை | 2024 மார்ச் 22, காலை 7.05

இறம்பொடையில் நான் குடித்த பீலிக்கு மேலே என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். தேயிலைதான். சரி, இதுவரை வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்புத்தளைக்குப் போனால் தம்பேதன்னை வரை போங்கள். டவுனிலிருந்து பத்துக் கிலோமீட்டர், பஸ் உண்டு. அங்கேயுள்ள ஸ்டோர் 1890-ல் தேயிலை வியாபாரி லிப்டன் கட்டியது. அதற்கு மேலே ஏழு கிலோமீட்டர் ஏறினால் அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் இடம். ஆட்டோவும் போகும். காலை ஒன்பதுக்கு முன்னால் போய்விடுங்கள், அப்புறம் மூடுபனி வந்து ஒன்றும் தெரியாது. நான் ஐந்து மணிக்கு இருட்டில் ஏறத் தொடங்கினேன். வழி முழுக்கப் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள். யார் முகமும் தெரியவில்லை, டார்ச் வெளிச்சமும் பேச்சும்தான். ஒவ்வொரு டார்ச்சும் என் சக்கரத்தில் ஒரு தடவை விழுந்துவிட்டுப் போயிற்று.


தப்பால்காரர் மகன் | 2024 மார்ச் 22, முற்பகல் 10.40

உழக்கி தம்பி நெடுந்தூரம் ஓட்டுவது பற்றிச் சொல்லியிருந்தார். ஒரு பாதை சொல்கிறேன், மலைக்கு ஏறுவதற்கு முந்தின பாதை. தலைமன்னாரிலிருந்து மாத்தளை. எங்கள் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போன தடம். மன்னார், முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள, நாலந்தா, மாத்தளை. காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023-ல் இருநூறு வருட நினைவாக அந்தத் தடத்திலேயே நடந்து போனார்கள். பதினாறு நாள். ஏறக்குறைய 250 கிலோமீட்டர். நானும் மாத்தளையில் போய் நின்றேன். சைக்கிளில் நாலு நாள் போதும், சமதரைதான், நாலந்தாவுக்கு மேலேதான் ஏற்றம். முடிவில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்.


உழக்கி | 2024 மார்ச் 22, முற்பகல் 11.30

ஐயா, நான் வாறேன். ஓகஸ்டில் என்றால் சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், வெயிலும் கொளுத்தும், ஆனால் மழை இல்லை. விடிய நாலுக்கு வெளிக்கிட்டு பத்து மணிக்கு ஒரு மர நிழலில் படுத்தால் சரி. யாழ்ப்பாணத்திலிருந்து தலைமன்னாருக்கு நான் ஓடியே வருவேன். சைக்கிளைக் கழுவிப் பூட்ட வேணும், பெயரிங் குண்டெல்லாம் மாற்ற வேணும். யார் யார்?


பசறைக்காரி | 2024 மார்ச் 22, பிற்பகல் 12.10

நாங்கள் மூன்று பேர். மதவாச்சி வரை கழிப்பறை எங்கெங்கே என்று யாராவது இப்போதே விசாரியுங்கள்.


கியர் இல்லாதவன் | 2024 மார்ச் 22, பிற்பகல் 12.15

சமதரை என்றால் நானும்.


அட்டன் ஸ்பேனர் | 2024 மார்ச் 22, பிற்பகல் 2.00

கடையை நாலு நாள் மூட முடியாது. மாத்தளைக்கு வருகிறேன், உடைந்ததை எல்லாம் அங்கே வைத்துப் பார்ப்போம். 22 பல் ஃபிரீவீல் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், நாலந்தா ஏற்றத்துக்கு முன்னால் தம்பி மாற்றிக்கொள்ளட்டும்.


பீலிக்கரை | 2024 மார்ச் 22, இரவு 9.45

லீவு கேட்டுப் பார்க்கிறேன். இன்று புது டயர் வாங்கினேன். பழையதைக் கழற்றியபோது இருபது ரூபாய் நோட்டு உள்ளே அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் கறுத்திருக்கிறது. கீழே உள்ள கடையில் கொடுத்து ஒரு பிளேன்டீ கேட்டேன். இன்னும் இருபது ரூபாய் கொண்டா என்றார்.